அம்மாவின் மூளை உறையில் கட்டி: மெனிஞ்சியோமாவா, டிபியா, லிம்ஃபோமாவா?

பூக்காரம்மா_மகள் (செல்லூர்) · செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

அம்மாவுக்கு 54 வயசு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பூக்கட்டுறாங்க. விடியுறதுக்கு முன்னாடி மாட்டுத்தாவணி போயி உதிரிப்பூ எடுத்துட்டு வந்து திண்ணையில உக்காந்தா, கண்ணு எங்கிட்டோ இருக்கும், கை பாட்டுக்குக் கட்டிக்கிட்டே இருக்கும். ஆடி மாசம்தான் முதல்ல கவனிச்சேன். ரெண்டு பூவை வச்சு நாரைச் சுத்தி இழுக்குற நேரத்துல வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானா துடிக்கும். நார் நழுவிரும். ஒரு நிமிசம் பொறுத்து சரியாயிரும். "விரல் மரத்துப்போச்சுடி"ன்னு உதறிட்டு மறுபடி கட்ட ஆரம்பிச்சிருவாங்க.

கழுத்தெலும்புத் தேய்மானம்னு சொல்லி ரெண்டு மாசம் கழுத்துப் பட்டையும் மாத்திரையும் குடுத்தாங்க. அப்புறம் ஒருநாள் கை முழுக்க வெட்டி இழுத்து, வாய் கோணி, கீழ விழுந்துட்டாங்க. சிடி ஸ்கேன் எடுத்தவங்க "பழைய ரத்தக்கட்டு மாதிரி இருக்கு, தலையில அடிபட்டுச்சா?"ன்னு மூணு தடவை கேட்டாங்க. அடியே படலை. எம்.ஆர்.ஐ. எடுத்ததுல மெனிஞ்சியோமான்னு எழுதியிருந்துச்சு. சாதுவான கட்டி, எடுத்துட்டா முடிஞ்சதுன்னாங்க. வீக்கம் குறையணும்னு 6 நாள் டெக்சாங்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டு, ஆபரேசன் பண்ணாங்க.

தியேட்டரை விட்டு வெளிய வந்த சர்ஜன் முகம் சரியில்லை. "உருண்டையா கழண்டு வரும்னு நெனச்சேன். உறையோட தகடு மாதிரி அப்பியிருக்கு. பரிசோதனைக்கு வேண்டிய அளவு எடுத்துட்டு மூடிட்டேன்"னார். ரிப்போர்ட்ல "நிணநீர் செல்கள் மிகுதி, அழற்சியா லிம்ஃபோமாவா என அறிய இம்யூனோ பரிசோதனை தேவை"ன்னு இருக்கு.

பெரியப்பா டிபின்னு சொல்றாரு, நாளைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும்ங்கிறாரு. தோஹால இருக்கிற தம்பி என்னத்தையோ படிச்சிட்டு போன்ல அழுகுறான். நான் இப்ப என்ன செய்யணும்?

---

வைகைக்கரை · செவ்வாய் இரவு

தங்கச்சி, உங்க பெரியப்பா சொல்றதுல நியாயம் இருக்கு. என் தம்பிக்கும் இதே மாதிரி மூளை உறை தடிச்சுப் போய், கண்ணு ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சுச்சு. கேன்சர்னு பயந்து வீடே ஒடுங்கிப்போச்சு. கடைசியில டிபி. 12 மாசம் மாத்திரை, அரசாங்கத்துல இலவசமா குடுத்தாங்க. இன்னிக்கு லோடு ஆட்டோ ஓட்டுறான். நம்ம ஊர்ல தலைக்குள்ள எது தடிச்சிருந்தாலும் முதல்ல டிபியைத்தான் நினைக்கணும். மாத்திரையை ஆரம்பிச்சுப் பாத்தா என்ன?

---

நுண்ணோக்கி · புதன் காலை

நான் திசுநோய்க்குறியியல் மருத்துவர். மதுரையில் பல ஆண்டுகள் ஸ்லைடு பார்த்தவன். உங்கள் அம்மாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை என்பதால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வழி மட்டும் சொல்கிறேன்.

மூளையைச் சுற்றி மூன்று உறைகள். வெளியே இருப்பது டியூரா, தோல் மாதிரி கெட்டியானது. அதற்கு உள்ளே சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு. மூளையோடு ஒட்டிக்கிடப்பது பயா. டியூராவில் ஒட்டிய கட்டி என்றால் பெரும்பாலும் மெனிஞ்சியோமாதான். ஹார்வி குஷிங் 1922-ல் அந்தப் பெயரை வைத்தார், நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம் காண்கிறோம். ஆகவே உங்கள் எம்.ஆர்.ஐ. பார்த்தவர் எழுதியதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் முதலில் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் அதே வேடத்தில் வரும் நோய்கள் வேறு சில உண்டு: காசநோய், ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் சார்ந்த அழற்சி உறைத் தடிப்பு, சார்காய்டு என்ற அழற்சி நோய், மார்பகத்திலிருந்து பரவிய புற்று. இவற்றோடு அரிதான ஒன்று, டியூராவிலேயே தொடங்கும் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் செல்களில் வரும் புற்று. அதில் பெரும்பாலானவை மால்ட் வகை என்று நாங்கள் சொல்லும், மெதுவாக வளரும் மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமா. இதுவும் நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம் வருவதால், வயதையும் பாலினத்தையும் வைத்துப் பிரிக்கவும் வழியில்லை.

வைகைக்கரை அவர்களே, உங்கள் தம்பி குணமானதில் மகிழ்ச்சி. டிபியை நினைக்க வேண்டும் என்பது சரி. நினைத்தவுடன் மாத்திரை போட வேண்டும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மூளை டிபிக்கு மாத்திரையோடு ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். லிம்ஃபோமா செல்கள் ஸ்டீராய்டில் சாகக்கூடியவை. அடியில் இருப்பது லிம்ஃபோமாவாக இருந்தால் கட்டி சுருங்கும், தலைவலி குறையும், "பார், டிபி மாத்திரை கேட்கிறது" என்று குடும்பமே நம்பும். சில மாதம் கழித்து அது திரும்பி வரும். அந்தத் தவறான நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

தலை திறந்தாகிவிட்டது, சதை கையில் இருக்கிறது. உடனே மாத்திரை தொடங்க வேண்டிய அவசரம் இருக்கிறதா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இம்யூனோ பரிசோதனையில், அதாவது செல்கள் எந்த வகை என்று தனித்தனிச் சாயம் ஏற்றிப் பார்ப்பதில், அந்தச் சதை பேசட்டும்.

இன்னொன்று. 6 நாள் டெக்சா கொடுத்ததை ஸ்லைடு பார்ப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூளைக்குள் வரும் வேகமான லிம்ஃபோமாவில் சில நாள் ஸ்டீராய்டே திசுவைக் குழப்பிவிடும். வெறும் குப்பை செல்கள் மட்டும் மிஞ்சும். மெதுவான வகையில் அந்தளவு அழியாது என்றாலும், தெரிந்து பார்ப்பது வேறு, தெரியாமல் பார்ப்பது வேறு. அழுத்தம் கூடி உயிருக்கு ஆபத்து என்றால் ஸ்டீராய்டு கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. இப்போதும் கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையும் அப்படியே தொடரட்டும்.

---

ஸ்கேன்_அறை · புதன் மதியம்

ரேடியாலஜி படிக்கிறேன். ரத்தக்கட்டுன்னு ஏன் கேட்டாங்கன்னு சொல்றேன். லிம்ஃபோமாவுல செல்கள் நெருக்கமா அடைஞ்சு இருக்கும். அதனால மருந்து போடாத சிடியிலயே வெள்ளையா தெரியும். டியூராவை ஒட்டிப் பிறை மாதிரி வெள்ளையா ஒண்ணு இருந்தா, சப்டியூரல், அதாவது டியூராவுக்கு அடியில வர்ற ரத்தக்கசிவுதான் முதல்ல மனசுல வரும். அடிபட்டதான்னு மூணு தடவை கேட்டவரு, ஏதோ பொருந்தலைன்னு உணர்ந்துதான் கேட்டிருக்காரு.

எம்.ஆர்.ஐ.ல மருந்து ஏத்தினா ரெண்டுமே சீரா ஒளிரும், ரெண்டுக்குமே உறையில வால் மாதிரி ஒரு கோடு நீளும். கட்டிக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சிருந்தாலோ, பக்கத்து மண்டையோட்டு எலும்பு தடிச்சிருந்தாலோ மெனிஞ்சியோமா பக்கம் சாய்வோம். தகடு மாதிரி படர்ந்து, டிஃப்யூஷன்னு சொல்ற எம்.ஆர்.ஐ. படத்துல பளிச்சுன்னு இருந்தா லிம்ஃபோமாவை நினைப்போம். எவ்வளவு பார்த்தாலும் இது சாய்வுதான், முடிவு இல்லை.

---

பூக்காரம்மா_மகள் · புதன் இரவு

டாக்டர் சார், பெரியப்பாகிட்ட உங்க பதிலை வாசிச்சுக் காட்டினேன். அங்க டாக்டர்கிட்டயும் கேட்டேன். அவசரம் இல்ல, ரெண்டு வாரம் பொறுக்கலாம்னுட்டாரு.

இம்யூனோ எங்க பண்றதுன்னு கேட்டதுக்கு ஆபரேசன் பண்ண இடத்துல "ரிப்போர்ட் குடுத்தாச்சுல்ல, வெளிய பாத்துக்கங்க"ன்னு சொல்லி ஒரே ஒரு ஸ்லைடைப் பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க. அதை எடுத்துட்டுப் போனா லேப்ல "இது பத்தாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நாள் வீணாப்போச்சு.

---

ஓய்வுபெற்ற_லேப்காரர் · வியாழன் காலை

தாயி, அவங்க குடுத்தது சாயம் ஏத்துன ஸ்லைடு. உனக்கு வேணுங்கிறது பிளாக். 34 வருசம் இந்த வேலைதான் பார்த்தேன், அதனால சொல்றேன், பொறுமையாக் கேளு.

ஆபரேசன்ல எடுத்த சதையை ஃபார்மலின்ல ஊற வைப்போம். அப்புறம் தண்ணிச் சத்தை எடுத்துட்டு மெழுகுல பதிப்போம். தீப்பெட்டியை விடச் சின்னதா, பிளாஸ்டிக் சட்டத்துல வெள்ளை மெழுகு, நடுவுல பழுப்பா ஒரு துணுக்கு. அதுதான் பிளாக். அதை மைக்ரோடோம்ல வச்சு 3, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுனா வெங்காயத் தோல் மாதிரி நாடா நாடாவா வரும். வெதுவெதுப்பான தண்ணியில மிதக்கவிட்டு ஸ்லைடுல ஏந்தி எடுப்போம். ஒரு பிளாக்குல இருந்து எத்தனையோ ஸ்லைடு போடலாம். இம்யூனோவுல ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு ஸ்லைடு வேணும். உன் கையில இருந்த ஒத்தை ஸ்லைடை வச்சு என்ன செய்ய முடியும்?

எழுத்துல கேளு. "மேல்பரிசோதனைக்காக பாரஃபின் பிளாக், ஸ்லைடுகள், ரிப்போர்ட் நகல் தேவை"ன்னு ஒரு தாளுல எழுதி, நோயாளி எண் போட்டு, கையெழுத்து வாங்கி வச்சுக்க. குடுப்பாங்க. பிளாக் முழுசா குடுக்க யோசிச்சா, கோட்டிங் போட்ட ஸ்லைடுல சாயம் ஏத்தாம 15 வெட்டித் தரச் சொல்லு. சாதாரண ஸ்லைடுல வெட்டுனா இம்யூனோ பண்றப்போ சதை கழுவிக்கிட்டுப் போயிரும்.

பிளாக் கைக்கு வந்ததும் வெயில்ல வண்டிப் பெட்டிக்குள்ள போட்டு வைக்காத, மெழுகு இளகிரும். சின்ன டப்பாவுல பஞ்சு வச்சு எடுத்துட்டுப் போ. வேலூர் சி.எம்.சி.லயும் அடையாறு புற்றுநோய் நிலையத்துலயும் வெளியூர் பிளாக்கை வாங்கிப் பார்ப்பாங்க. அம்மாவை அலைக்கழிக்க வேணாம், பிளாக் மட்டும் பயணம் போகட்டும்.

---

தோஹா_தம்பி · வியாழன் இரவு

நான்தான் அந்தத் தம்பி. அக்கா சொல்லி இங்க வந்தேன். மூளை லிம்ஃபோமான்னு தேடுனா வேகமா பரவும், கடுமையான கீமோ, மாசக்கணக்குல வாழ்நாள்னுதான் வருது. லீவு கேட்டிருக்கேன். உண்மையைச் சொல்லுங்க சார். எங்க அம்மாவுக்கு எத்தனை நாள்?

---

நுண்ணோக்கி · வியாழன் பின்னிரவு

தம்பி, நீங்கள் படித்தது வேறு நோய். பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பலரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூளைச் சதைக்குள்ளேயே வரும் லிம்ஃபோமா பெரும்பாலும் பெரிய பி செல் வகை. வேகமானது. அதற்குத்தான் அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து. டியூராவில் வரும் மார்ஜினல் ஸோன் வகை மூளைக்கு வெளியே, உறையில் உட்கார்ந்திருப்பது. சிறிய செல்கள், மெதுவான வளர்ச்சி. அந்த இடத்துக்கு மட்டும் குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுத்தே பலருக்குப் பல ஆண்டுகள் கட்டுக்குள் இருக்கிறது. மருத்துவத்தில் லிம்ஃபோமா என்ற ஒரு சொல்லுக்குள் ஆமையும் இருக்கிறது, சிறுத்தையும் இருக்கிறது. டியூராவிலும் வேகமான வகை சில சமயம் வருவதுண்டு, மறைக்கவில்லை. அதனால்தான் எது என்று தெரியும் முன் நாள் கணக்குப் போடாதீர்கள் என்கிறேன்.

உறையில் இது ஏன் வருகிறது? டியூராவில் நிணநீர்த் திசு இயல்பாகப் பெரிய அளவில் திரண்டிருப்பதில்லை. இரைப்பையிலும் அப்படித்தான். கிருமியோ நீண்ட அழற்சியோ நிணநீர் செல்களை அங்கே வரவழைக்கிறது, பிறகு அதில் ஒரு வம்சம் கட்டுமீறுகிறது என்பது மால்ட் லிம்ஃபோமாவின் கதை. மால்ட் லிம்ஃபோமா என்ற கருத்தை 1983-ல் இங்கிலாந்தில் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் முதலில் எழுதினார்கள். இரைப்பையில் தூண்டும் கிருமி ஹெலிகோபாக்டர் என்று தெரிந்துவிட்டது. ஆரம்ப நிலையில் அந்தக் கிருமியை ஆன்டிபயாட்டிக்கால் ஒழித்தாலே பலருக்குக் கட்டி கரைகிறது. மூளை உறைக்கு அப்படி ஒரு குற்றவாளி பிடிபடவில்லை. ஆகவே அம்மா எதைச் சாப்பிட்டதால் வந்தது, யார் கவனிக்காததால் வந்தது என்று வீட்டில் யாரும் யாரையும் நோக வேண்டாம்.

---

கீழமாசி_வாசகர் · வெள்ளி காலை

கட்டியில கத்தி வச்சா பரவிரும்னு எங்க பக்கம் சொல்வாங்க. இனிமே எதையும் கிளறாம நாட்டு மருந்து பாக்கலாமேம்மா.

---

ஓய்வுபெற்ற_லேப்காரர் · வெள்ளி காலை

ஐயா, அக்கறையிலதான் சொல்றீங்க, புரியுது. ஆனா இங்க யாரும் இனிமே கத்தி வைக்கப்போறதில்ல. எடுத்த சதையைத்தான் பாக்கப்போறாங்க. பேரு தெரியாத நோய்க்கு எந்த மருந்தைக் குடுப்பீங்க, நாட்டு மருந்தாவே இருந்தாலும்?

---

பூக்காரம்மா_மகள் · இரண்டு வாரம் கழித்து

பிளாக் கிடைச்சுச்சு. எழுதிக் கேட்டதும் மறுநாளே குடுத்துட்டாங்க. இம்யூனோ ரிப்போர்ட் நேத்து சாயந்தரம் வந்துச்சு. அப்படியே போடுறேன், எனக்கு ஒண்ணும் புரியலை:

சிடி20 பாசிட்டிவ், பெரும்பாலான செல்களில். சிடி3 ஆங்காங்கே. சிடி5, சிடி10, சைக்ளின் டி1 நெகட்டிவ். கேஐ-67 5 முதல் 8 சதவீதம். பிளாஸ்மா செல்களில் கேப்பா மட்டும், லாம்டா ஏறக்குறைய இல்லை. ஐஜிஜி4 செல்கள் சில. டிபி கிருமிச் சாயம் நெகட்டிவ், கிரானுலோமா இல்லை.

ஐஜிஜி4 இருக்குன்னு போட்டிருக்கே, அப்போ கேன்சர் இல்லையா சார்?

---

ஓய்வுபெற்ற_லேப்காரர் · அன்று மாலை

டாக்டர் வர்றதுக்குள்ள, கேப்பா லாம்டாவை மட்டும் உனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன் தாயி. கேப்பா, லாம்டாங்கிறது பி செல்லு வம்சம் செய்யுற புரதத்துல ரெண்டு வகை, ஒரு செல்லு ரெண்டுல ஒண்ணைத்தான் செய்யும். புண்ணோ கிருமியோ வந்து செல்லு கூடுனா அது கதம்பம். மல்லி, மரிக்கொழுந்து, கனகாம்பரம் எல்லாம் கலந்து கெடக்கும். கேப்பாவும் இருக்கும், லாம்டாவும் இருக்கும். கூடை முழுக்கக் கிளறியும் ஒரே செடியில பறிச்ச மல்லி மட்டும்தான் கெடக்குதுன்னா, அது தானா வந்து கூடுன கூட்டம் இல்ல. ஒரே செல்லு பெருகிப் பெருகி வந்தது. உங்கம்மா ரிப்போர்ட்ல கெடக்குறது ஒரே செடி மல்லி.

---

நுண்ணோக்கி · அன்று இரவு

இதை விடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. அந்தக் கதம்பத்தை இனி என் மாணவர்களுக்கும் சொல்வேன்.

மிச்சத்தைச் சொல்கிறேன். சிடி20 என்பது ஸ்கேன் இல்லை. பி செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளம். சிடி3 டி செல்லின் அடையாளம். கிரானுலோமா என்பது டிபி போன்ற நோய்களில் வரும் அழற்சி முடிச்சு. சிடி10 இல்லாதது ஃபாலிகுலர் வகையிலிருந்தும், சிடி5-உம் சைக்ளின் டி1-உம் இல்லாதது மேன்டில் வகையிலிருந்தும் விலக்குகிறது. கேஐ-67 எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதன் அளவு. வேகமான லிம்ஃபோமாவில் மிக அதிகமாக இருக்கும். 5 முதல் 8 என்பது சோம்பலான கட்டி. ஐஜிஜி4 செல்கள் மூளை உறை மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமாவிலும் காணப்படும், அதை மட்டும் வைத்து அழற்சி என்று முடிவுகட்டக் கூடாது. அழற்சியாக இருந்தால் கேப்பாவும் லாம்டாவும் கலந்திருக்கும். இங்கே ஒரே பக்கம். இந்த ரிப்போர்ட் சரியென்றால் இது டியூராவின் மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமா. அந்த வார்த்தையை நேராகச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்திருக்கக்கூடிய லிம்ஃபோமாக்களில் இது ஆமை.

அடுத்து, உடம்பில் வேறெங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட் சிடி என்ற முழு உடல் ஸ்கேன் எடுப்பார்கள். இந்த வகை சில நேரம் பெட்டில் ஒளிராது, அதனால் எலும்பு மஜ்ஜையும் பார்க்கச் சொல்வார்கள். தலைக்குள் அழுத்தம் இல்லையென்று உறுதிசெய்த பிறகு முதுகில் தண்டுவட நீர் எடுப்பார்கள். கண்ணுக்குள் செல்கள் இருக்கின்றனவா என்று கண் மருத்துவரும் பார்ப்பது நல்லது. ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி. ஹெபடைடிஸ் பி-யை அழுத்திச் சொல்கிறேன். பின்னால் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுக்க நேர்ந்தால் உறங்கிக்கிடக்கும் பி வைரஸ் விழித்துக்கொண்டு கல்லீரலைத் தாக்கலாம். வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் சோதனை மட்டும் போதாது, பழைய தொற்றைக் காட்டும் கோர் ஆன்டிபாடியும் வேண்டும்.

---

வைகைக்கரை · மறுநாள்

தங்கச்சி, நான் டிபி மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னது உறுத்துது. என் தம்பிக்கும் சதை எடுத்துப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சாங்க, அதை நான் எழுதவே இல்ல. அம்மாவை நல்லாப் பாத்துக்கங்க. பெட் சிடிக்கு வண்டி வேணும்னா சொல்லுங்க, தம்பி வருவான்.

---

பூக்காரம்மா_மகள் · ஏழு வாரம் கழித்து

எல்லாருக்கும் சொல்லணும்னுதான் வந்தேன். பெட்ல வேற எங்கயும் இல்ல. மஜ்ஜை சுத்தம். முதுகுத் தண்ணியில செல் இல்ல. கண்ணும் நல்லாயிருக்கு. ஹெபடைடிஸ் ரெண்டு சோதனையும் நெகட்டிவ். அடையாறுக்கு அனுப்பின பிளாக்குக்கும் அதே பதில்தான் வந்துச்சு. வைகைக்கரை அண்ணன் தம்பி ரெண்டு தடவை வண்டி கொண்டுவந்தாரு, காசே வாங்கலை.

கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க ஆரம்பிச்சாச்சு. மொத்த அளவு 24 கிரே, 12 நாள்னு சொல்லியிருக்காங்க. முதல் நாள் முகத்துக்கு அச்சு எடுத்தாங்க. சுடுதண்ணியில முக்கின வலையை முகத்துல விரிச்சு அமுக்கினாங்க, ஆறினதும் அம்மா மூக்கு, நெத்தி, தாடை எல்லாம் அப்படியே அதுல இருந்துச்சு. அம்மா பயப்படலை. இடது பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு முடி கொட்டும்னதும்தான் சங்கடப்பட்டாங்க. "அப்போ பூவை எங்க வைக்கிறது?"ன்னு அந்தக் கரண்ட் வைக்கிற பொண்ணுகிட்டயே கேட்டாங்க. "வலது பக்கம் வைங்கம்மா"ன்னு அது சொல்லுச்சு.

தம்பி வந்துட்டுப் போயிட்டான். விரல் துடிப்பு நின்னுருச்சு. வலிப்பு மாத்திரை இன்னும் ஓடுது, சர்ஜன் சொல்ற வரைக்கும் நிறுத்த மாட்டோம். வருசக்கணக்குல ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும், இந்த வகை ரொம்ப நாள் கழிச்சும் திரும்பி வரலாம்னு சொன்னாங்க. பிளாக்கைத் திருப்பி வாங்கி எவர்சில்வர் டப்பாவுல போட்டு பீரோவுல, ரேசன் கார்டு பக்கத்துல வச்சிருக்கேன்.

இன்னிக்கு 7 முடிஞ்சிருக்கு. கரண்ட் முடிஞ்சு முதல் எம்.ஆர்.ஐ. மூணு மாசம் கழிச்சு. வந்ததும் இங்கயே போடுறேன்.